பழைய கொம்பிரசர் விற்கப்போய் நான் படித்தவை

மாசி மாதம் பிறந்தால் திருகோணமலை நிலாவெளி வீதியில் சுத்தியல் சத்தம் ஓயாது. சித்திரையில் சுற்றுலாக்காரர் வரத் தொடங்குவதற்குள் ஹோட்டல்காரர்கள் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மெத்தை மாற்றுவார்கள், துருப்பிடித்த ஏசியைக் கழற்றிப் பின்வளவில் எறிவார்கள். எனக்கு அலஸ்தோட்டத்தில் பிரிட்ஜ், ஏசி திருத்துகிற சின்னக் கடை. இந்த உப்புக்காற்றுத்தான் எனக்குச் சோறு போடுகிறது என்று மனைவி சொல்வாள். பொய்யில்லை.

பிரிட்ஜுக்குள்ளும் ஏசிக்குள்ளும் குளிர் தரும் காஸை அமுக்கி ஓட்டுகிற மோட்டர்தான் கொம்பிரசர். பல வருசமாகக் கழற்றிய கொம்பிரசர்களைக் கடை மூலையில் போட்டு வைப்பேன். மாதத்துக்கு ஒருக்கா ‘பழைய இரும்பு, போத்தல்’ என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் தொங்கு தராசில் கொளுவித் தூக்குவார், ஒரு கணக்குச் சொல்வார், நான் வாங்கி மேசை லாச்சிக்குள் போடுவேன். எல்லாம் இரும்பு விலைதான். உள்ளே செம்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, தொழிலே அதுதானே. ஆனால் தினம் பார்க்கிற சாமான் கண்ணில் படாது.

ஒரு மாசியில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. அறைகளில் இருந்த 20 குட்டிப் பிரிட்ஜையும் 6 ஏசியையும் ஒரே விலைக்கு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் போனேன். பின்வளவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஏசிகளைப் பார்த்தேன், மேலே இருந்த நாலைந்து பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தேன், 26 கொம்பிரசர் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், விலையைப் பேசிக் காசைக் கொடுத்தேன். பட்டா லொறிக்காரனுக்கும் கூலி கொடுத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

இறக்கும்போதுதான் கடைப் பொடியன் கேட்டான்: “அண்ணா, இதுக்குக் கொம்பிரசர் எங்க?”

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கறுப்பு இரும்புக் குழாய் வளைந்து வளைந்து போகிறது, அடியில் ஒரு ஹீற்றர். கொம்பிரசர் இல்லை. அமோனியாவில் ஓடுகிற பிரிட்ஜ் அது. உள்ளே அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். ஹீற்றர் சூடாக்க, அமோனியா பிரிந்து ஓடிக் குளிரைத் தரும். அசைகிற பாகமே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. படுக்கிற அறைக்கு ஹோட்டல்காரர் அதைத் தேடி வாங்குவது அதற்காகத்தான். இருபதில் 9 பெட்டி இந்தச் சாதி. பிரிட்ஜ் திருத்துகிற எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும். மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். வெயிலாகத்தான் இருக்கும், மேலே ஏறி இறங்க வேண்டித்தான் வரும். பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குழாயை இரும்புதானே என்று வெட்டப் போகாதீர்கள். அமோனியா கண்ணையும் நெஞ்சையும் பிடித்துவிடும். உள்ளே துரு ஏறாமல் இருக்கக் குரோமேற்று உப்புப் போட்டிருப்பார்கள், மஞ்சளாக வடியும், அதுவும் நஞ்சு.

சரி, 11 பிரிட்ஜ் கொம்பிரசர், 6 ஏசிக் கொம்பிரசர், கடை மூலையில் ஏற்கெனவே கிடந்த 5. விட்ட காசை இதில்தான் எடுக்க வேண்டும். இரும்பு விலைக்கு விட்டால் ஒருபோதும் வராது. வெட்டிச் செம்பை எடுப்போம் என்று முடிவெடுத்தேன்.

முதல் கொம்பிரசரில் எனக்குப் புருவம் போனது. அது 600ஏ காஸ் போட்டது. ஐசோபியூட்டேன் என்கிற அந்தக் காஸ், அடுப்புக் காஸுக்குச் சொந்தக்காரன். கொம்பிரசரில் மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் ஒட்டியிருந்தது. நான் பார்க்காமல் இல்லை. குழாயை வெட்டி இரண்டு நாளாகிவிட்டது, காஸ் எல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன். காஸ் எண்ணெய்க்குள் கரைந்து கிடக்கும் என்பதை வகுப்பில் படித்திருக்கிறேன், கிரைண்டரைப் பிடிக்கும்போது ஞாபகம் வரவில்லை. தகடு அறுந்து உள்ளே பொறி போனதும் ‘பக்’ என்று ஒரு சுவாலை. ஒரு நொடிதான். மயிர் பொசுங்கின மணம் மூன்று நாள் மூக்கை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு வைத்த முறை இது. காஸை முதலில் மெசினால் சிலிண்டருக்குள் இழுத்துவிடுவேன். என்னிடம் மெசின் இல்லாத காலத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் இரவல் வாங்குவேன். சும்மா ஊதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் விட்டவன்தான். ஓசோனைத் தின்னும் காஸ்களை நிறுத்துவதற்கான மொன்றியல் உடன்படிக்கையில் 1989 ஆம் ஆண்டே இலங்கை சேர்ந்துவிட்டது. பழைய பிரிட்ஜில் இருக்கும் ஆர்12 காஸ் ஒரு கிலோ வெளியே போனால் பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்கு மேலான சூட்டைப் பூமிக்கு ஏற்றும், ஓசோனைத் தின்பது வேறு. பழைய ஏசியில் வருகிற ஆர்22 இல் நெருப்பு பட்டால் பொஸ்ஜீன் உண்டாகும். போருக்குப் பாவித்த நச்சுக்காற்று அது. அதனால் காஸ் நிற்கும் குழாயில் நெருப்புச் சுவாலை வைப்பதில்லை, குழாய் வெட்டும் கட்டரால் திருகித்தான் வெட்டுவது. பிறகு கொம்பிரசரைத் தலைகீழாகத் தாச்சியின் மேல் கவிழ்த்து ஓர் இரவு விடுவேன். பிரிட்ஜ் கொம்பிரசர் என்றால் கால் லீற்றர் எண்ணெய் அளவில் வடியும். மோட்டர் எரிந்த கொம்பிரசரின் எண்ணெய் கறுத்து, புளித்த நெடி அடிக்கும். அதில் அமிலம் இருக்கும், வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஒன்றை வெட்டி முடித்துக் கணக்கெழுதினேன். தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன் நிறை 8 கிலோ 600 கிராம். எண்ணெய் 250 கிராம். கோதுக்குள் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருந்த மோட்டரை எடுத்து, சுருளின் ஒரு பக்கத்தை உளியால் வெட்டி, மறுபக்கத்தால் இழுத்ததில் செம்பு 740 கிராம். மிச்சம் கோது, தகட்டு அடுக்கு, வார்ப்பிரும்புச் சிலிண்டர், தண்டு எல்லாம் சேர்த்து இரும்பு 7 கிலோ 400. மோட்டரில் சுழலும் றோட்டருக்குள் வார்த்திருக்கும் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை, அது இரும்போடு போய்விடும்.

ரூபாய்க் கணக்குச் சொன்னால் இன்றைக்குச் சரி, நாளைக்குப் பிழை. அதனால் பங்காகச் சொல்கிறேன். ஒரு கிலோ இரும்பின் விலை ஒரு பங்கு என்று வைத்தால், செம்பு கிலோ சுமார் இருபது பங்கு. செம்பில் பதினைந்து பங்கு, இரும்பில் ஏழரை, ஆக இருபத்திரண்டு சொச்சம். அப்படியே இரும்பு விலைக்கு விட்டிருந்தால் எட்டரை. சந்தோசத்தில் பொடியனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவதை வெட்டினோம். நிறமெல்லாம் அதே செம்பு நிறம்தான். இழுக்கும்போது கம்பி வெண்ணெய் மாதிரி வளைந்தது, எனக்குச் சந்தேகம் வந்தது. கத்தியால் மேல் பூச்சைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பி! செம்பு விலை ஏறியதில் இருந்து பல கொம்பனிகள் சுருளுக்கு அலுமினியம் போடத் தொடங்கிவிட்டன, மேலே அடிக்கும் வார்னிஷ் மட்டும் செம்பு நிறம். அதில் வந்தது முந்நூற்றைம்பது கிராம் அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போல் நாலைந்து மடங்குதான் போகும். கூட்டிப் பார்த்தால் ஒன்பது பங்கு வருகிறது. ஒரு மணித்தியால வேலை, பாதி வெட்டுச் சில்லு, கரண்டு எல்லாவற்றையும் கழித்தால் நட்டம்.

அந்த நேரத்தில்தான் கிண்ணியாவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் இப்படித்தான் அழைப்போம்) போனேன். 2009 இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியா போய்வருவது லேசாகிவிட்டது. அதற்கு முன் படகுப் பாதையில் சாமான் ஏற்றிக் கடந்த கதையை நானா சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும். நான் கொண்டுபோனது சுருளாக எடுத்த செம்பும், வெட்டாத நாலு கொம்பிரசரும். நானா செம்பை விட்டுவிட்டுக் கொம்பிரசரைத்தான் பார்த்தார்.

“ஏன் தம்பி வெட்டுறீங்க?”

இரும்பு விலைக்குத்தானே எடுக்கிறார்கள் என்றேன்.

“ஆரு சொன்ன? தெருவில வாறவன் அப்பிடித்தான் எடுப்பான். எங்களுக்குக் கொம்பிரசர் எண்டு தனி விலை இருக்கு.” அவருடைய விலை இரும்பைப் போல் இரண்டு மடங்கு. எண்ணெய் வடித்து, குழாய் மொட்டையாக வெட்டி, துருப்பிடித்துக் கொட்டாத கோதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பிறகு என் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “உள்ளுக்கு ரெண்டு சாதி கிடக்கு தம்பி. செம்பும் வரும், அலுமினியமும் வரும். வெட்டினா அந்தப் பிழை உங்கட தலையில. வெட்டாமத் தந்தா என்ட தலையில. நான் நூறு எடுக்கிறன், எனக்குச் சரிக்கட்டும். நீங்க நாலு வெச்சிக்கிட்டு என்ன செய்யுற?”

தாளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எட்டரைக் கிலோ கொம்பிரசர் வெட்டாமல் பதினேழு பங்கு. செம்புச் சுருள் என்றால் வெட்டினால் இருபத்திரண்டு, அலுமினியம் என்றால் ஒன்பது. அதாவது வெற்றி பெற்றால் ஐந்து பங்கு கூடும், தோற்றால் எட்டு பங்கு போகும். சூதாட்டத்தில் கூட இதைவிட நல்ல கணக்கு இருக்கும். அன்றோடு பிரிட்ஜ் கொம்பிரசர் வெட்டுவதை விட்டேன். ஏசியில் வரும் உருளைக் கொம்பிரசரில் செம்பு கூட இருக்கும் என்றாலும், சுருள் கோதோடு இறுகப் பொருந்தியிருக்கும், எடுப்பது பெரும்பாடு. இன்வேர்ட்டர் ஏசி என்றால் றோட்டரில் காந்தம் வேறு, உளியைப் பிடித்தால் விடாது. நூற்றுக்கணக்கில் வருகிற, ஆள் வைத்து வேலை செய்கிற இடத்துக்கு வெட்டுவது சரி வரலாம். என்னைப் போன்ற கடைக்குச் சரி வராது என்பது என் கட்சி.

நிறைய விலை கிடைத்தது வேறு வழியில். அது என் கண் முன்னேயே இருந்தது.

பிரிட்ஜ் குப்பைக்கு வருவது எப்போதும் கொம்பிரசர் செத்துத்தான் என்றில்லை. காஸ் ஒழுகியிருக்கும், தெர்மோஸ்டாட் போயிருக்கும், ரிலே எரிந்திருக்கும், கதவு றப்பர் பிய்ந்திருக்கும். கடற்கரையில் முதலில் சாவது பின்பக்கக் குழாய். ஓடக்கூடிய பழைய கொம்பிரசரை மெக்கானிக்மார் வாங்குவார்கள், பழைய இரும்பு விலையைப் போல் பல மடங்கு கொடுத்து. புதுக் கொம்பிரசர் போடக் காசில்லாத வீடுகள் 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கம் கூடிப்போனதும் ஒரு காரணம். அந்த ஹோட்டல் பிரிட்ஜ்களில் வெட்டாமல் மிஞ்சியவற்றைச் சோதித்ததில் ஆறு உயிரோடு இருந்தன. முதலில் வெட்டிப் புருவத்தைக் கொடுத்ததும் உயிரோடு இருந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன், இனி யாருக்குத் தெரியும்.

சோதிப்பது அரை மணித்தியால வேலை. கொம்பிரசருக்குக் கரண்டு கொடுக்கும் கால் மூன்று இருக்கும். மல்டிமீற்றரை ஓமில் வைத்து இரண்டிரண்டாக அளக்க வேண்டும். கடைசியாகச் சோதித்ததில் 14, 22, 36 என்று வந்தது. சின்ன இரண்டும் கூட்டினால் பெரியதாக வர வேண்டும், அப்போதுதான் சுருள் இரண்டும் சரி. எந்தக் காலுக்கும் கோதுக்கும் இடையில் மீற்றர் அசையக்கூடாது. அசைந்தால் உள்ளே கரண்டு கோதில் அடிக்கிறது, அது இரும்புக் குவியலுக்கு. பிறகு நல்ல ரிலே ஒன்றைப் போட்டு ஓட்டி, காஸ் வெளியே தள்ளும் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜ் பூட்டிப் பார்ப்பேன். 250 பிஎஸ்ஐக்குத் தயங்காமல் ஏறி, நிறுத்தியதும் முள் இறங்காமல் நின்றால் வால்வு நல்லது. கேஜைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஏறியதும் கரண்டை நிறுத்துங்கள். அதைவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடாது.

நல்லது என்று தெரிந்ததும் குழாய் வாயை அப்போதே நசுக்கி ஈயம் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் இரண்டைப் பறிகொடுத்தேன். 134ஏ காஸ் போடும் கொம்பிரசரின் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். கார்த்திகை, மார்கழி மழைக்காற்றில் ஒரு மாதம் திறந்து கிடந்தால் அதைப் பிறகு யாருக்கும் விற்க மனச்சாட்சி இடம் கொடாது.

மீன் வியாபாரிகளின் டீப் பிரீசர்தான் இதில் எனக்குப் பிடித்த சாமான். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் இருந்து வருவது, நாற்றத்தைத் தாங்கினால் கொம்பிரசர் பெரிது, பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். உப்புத் தண்ணீர் தகட்டைத்தான் தின்றிருக்கும்.

இனித் தராசு. ஒரு முறை வேறொரு கடையில் 60 கிலோ என்று வீட்டில் நிறுத்துக் கொண்டுபோனது 54 ஆகக் காட்டியது. கேட்டதற்கு ‘உங்கட தராசு பிழை’ என்றார்கள். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வருசா வருசம் தராசில் குத்தியிருக்க வேண்டும், பார்க்கலாம், ஆனால் டிஜிட்டல் தராசின் முன் நின்று முத்திரை தேடினால் சண்டைதான் வரும். இப்போது ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொண்டுபோகிறேன். ஐந்து லீற்றர் தண்ணீர் ஐந்து கிலோ, போத்தலுக்குக் கொஞ்சம் கூட. சாமான் ஏற்றுவதற்கு முன் ‘கை களைச்சுப்போச்சு’ என்று தராசில் வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பேன். நாலரை காட்டினால் போத்தலைத் தூக்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். யாரோடும் வாக்குவாதம் இல்லை.

எண்ணெய்க்கு என்று ஒவ்வொரு கொம்பிரசருக்கும் அரைக் கிலோ கழிப்பது இன்னொரு வழக்கம். வடிக்காமல் கொண்டுபோனால் வாயைத் திறக்க முடியாது. வடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினால் கழிக்க மாட்டார்கள்.

கலக்காமல் கொடுப்பதும் காசு. ஏசியின் வெளிப்பெட்டியை அப்படியே நிறுத்தால் தகரத்தின் விலைக்குப் போய்விடும். செம்புக் குழாய் ஓடும் அலுமினியக் கொயிலுக்குத் தனி விலை, பக்கத்தில் இருக்கும் வால்வு இரண்டும் பித்தளை, காற்றாடி மோட்டர் வேறு, கொம்பிரசர் வேறு. கழற்றும்போது கெப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன் அதன் கால்களைக் காப்பிட்ட திருப்புளியால் இணைத்து உள்ளே நிற்கும் கரண்டை இறக்கிவிடுங்கள், அடித்தால் தெரியும். காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். பிரிட்ஜின் பின்பக்கக் குழாய் பல நேரம் செம்பு பூசிய இரும்பு. கொம்பிரசரில் இருந்து நீட்டும் குட்டிக் குழாயும் அப்படி வரும். செம்புச் சாக்குக்குள் அதில் நாலு துண்டு கிடந்தாலும் கடைக்காரர் சாக்கு முழுவதையும் இரண்டாம் தரம் என்று விடுவார். வயரை எரித்துச் செம்பெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எரித்த செம்பு கறுத்து விலை குறையும், புகையோ பிள்ளைகுட்டி இருக்கிற அயலுக்கு நஞ்சு. கத்தியால் உரித்துவிடுவது நல்லது.

ஹோட்டலில் வாங்கினால் ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி வாங்குங்கள். வயர் திருட்டுக் கூடியதில் இருந்து செம்பு கொண்டுபோனால் நல்ல கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். கேட்காத கடைக்கு நான் போவதில்லை.

கொழும்புக்கு நேராக அனுப்பினால் இன்னும் கூட என்று நண்பர்கள் சொல்வார்கள். விலை கூடத்தான், ஆனால் 260 கிலோமீற்றர். சீனக்குடாவில் இருந்து போகிற லொறிகளில் மாவும் சீமெந்தும் ஏறியிருக்கும், இடம் கிடையாது. கொழும்பில் இருந்து கடைச்சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியைப் பிடித்தால்தான் கூலி கட்டும். அரை தொன்னாவது சேர வேண்டும், எனக்கு ஒரு வருசம் ஆகும். செம்பு விலையோ இலண்டன் சந்தையில் டொலரில் தீர்மானமாகிறது, இங்கே ரூபாய் விழுந்தால் இங்கே ஏறும். 2022 மார்ச்சில் அதைக் கண்ணால் கண்டோம். அதற்காக வருசக்கணக்கில் வைத்திருந்து பார்க்க எனக்கு மனமும் இல்லை, இடமும் இல்லை. செம்பை மட்டும் ஒரு வாளியில் சேர்த்து வைக்கிறேன், கொம்பிரசரைப் பத்துச் சேர்ந்ததும் நானாவுக்குக் கோல் எடுக்கிறேன்.

அந்த 9 அமோனியாப் பெட்டியும் பல மாதம் கடைக்குப் பின்னால் கிடந்தன. போன தடவை சாமான் ஏற்ற வந்த நானாவிடம் காட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். வயலுக்கு விதைநெல் போட்டு வைக்க நல்லது, எலி ஏறாது என்றார். குழாயில் கை வைக்கக்கூடாது என்று மூன்று தரம் சொல்லி, இரண்டை அவருக்குச் சும்மா ஏற்றிவிட்டேன். போன கிழமை கோல் எடுத்தார். பக்கத்து வயல்காரருக்கும் வேண்டுமாம், விலை என்ன என்று கேட்கிறார்.